எட்டாயிரம் கிலோமீட்டர்

விமானம் ஓடுபாதையை நோக்கி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. பயணியாக உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநரின் எதிரே இருந்த சின்னத் திரையில் போக வேண்டிய தூரம் தெரிந்தது: எட்டாயிரம் கிலோமீட்டர். வேகம் மணிக்கு எண்ணூறு என்று யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். பழக்கதோஷத்தில் வகுத்துப் பார்த்தார். பத்து மணி நேரம் வந்தது.

டிக்கெட்டில் காலை பத்துக்குப் புறப்பாடு, மாலை நாலுக்குச் சேரும் என்றிருந்ததைப் பார்த்து, ஆறு மணி நேரம் என்று கணக்குப் போட்டவர் அவர்தான். அந்த ஊர்க் கடிகாரம் நாலு மணி நேரம் பின்தங்கி ஓடும் என்பது இப்போதுதான் உறைத்தது. மனைவியின் மடியிலிருந்த ஆக்சிஜன் இயந்திரத்தின் பேட்டரி எட்டு மணி நேரம்தான் தாங்கும்.

"என்னங்க, மூஞ்சி வெளுத்துப்போச்சு? நோயாளி நானா நீங்களா?" என்று அவள் சிரித்தாள்.

"பேட்டரி பத்தாதும்மா. பாதியிலயே நின்னுடும். இறங்கிடலாம்."

"ஓரங்கட்ட இது என்ன உங்க லாரியா? நாளைக்கு ஆபரேஷனுங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரிப்பு அடங்கியது. விரல்கள் இயந்திரத்தை இறுகப் பற்றின. என்ஜின் சத்தம் கூடியது. "உட்காருங்க சார்!" என்று பணிப்பெண் கத்தக் கத்த, அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நடைவழியின் நடுவில் போய் நின்றார்.

"நிறுத்தச் சொல்லும்மா. என் பொண்டாட்டிகிட்ட எட்டு மணி நேரத்துக்குத்தான் மூச்சு இருக்கு."