மாடி பங்களாக் கிணறு

பிள்ளைப்பாக்கத்து மாடி பங்களாவில் மரகதவல்லி நடமாடுகிறாள் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த வீட்டில் எப்போதோ கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் அவள். பட்டுப்புடவையும் ஈரத்தலையுமாகக் கிணற்றடியில் நின்று, தண்ணீரில் தவறவிட்ட வைர மூக்குத்தியைத் தேடுவாளாம். வீடு கம்பெனிப் பெண்களுக்கு விடுதியாக ஆன பிறகு கதை இன்னும் கொழுத்தது. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள்.

அங்கே ஒன்பது வருஷமாகச் சமைக்கிற ரத்னா மட்டும் அந்தப் பேச்சை எடுத்தால் குழம்பைக் கிண்டப் போய்விடுவாள்.

வீட்டை விற்றாகிவிட்டது. இடித்துவிட்டுக் குடோன் கட்டப் போகிறார்கள். பெண்கள் பெட்டி படுக்கையோடு சுங்குவார்சத்திரத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த பேச்சி, கிளம்புகிற அன்று கேட்டேவிட்டாள்.

"யக்கா, இத்தன வருசம் இருந்திருக்கிய. அந்தப் பேய ஒருநாளும் பாத்ததில்லியா?"

"நான் பாத்தது வேற," என்றாள் ரத்னா. சொல்லிவிட்டுப் பேச்சியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

அவள் பார்த்தது தன் அக்காவை. அப்போது அஞ்சலைக்குப் பதிமூன்று வயது, ரத்னாவுக்கு ஐந்து. பங்களாவில் பாத்திரம் தேய்க்கவும் அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அஞ்சலை போய்வந்தாள். ஒருநாள் காலையில், வேலைக்குப் போகமாட்டேன், பள்ளிக்கூடம்தான் போவேன் என்று அடம்பிடித்தாள். அம்மா துடைப்பத்தால் நாலு போட்டு அனுப்பினாள். மத்தியானம் கயிற்றுக்கட்டிலில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எப்படிக் கிணற்றில் விழுந்தாள் என்று பங்களாவில் யாரும் சொல்லவில்லை.

யாரும் சொல்லாமலே அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். தான் அடித்த ஆத்திரத்தில்தான் பிள்ளை குதித்துவிட்டது. அதன்பின் அவள் ரத்னாவை ஒருதடவைகூட அடித்ததில்லை. தலை வாரும்போது சிக்கு இழுத்து ரத்னா முகம் சுளித்தால், சீப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். நாலு வருஷத்துக்கு முன் சாகக் கிடந்தபோதும் அதையேதான் கேட்டாள். "நான் அடிக்காம இருந்திருந்தா இருந்திருப்பா இல்ல?" ரத்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சி போன மறுநாள் காலை ஜயஸ்ரீ சென்னையிலிருந்து காரில் வந்தாள். பங்களாவின் கடைசி வாரிசு, அறுபதை நெருங்குகிறவள். அஞ்சலை பார்த்துக்கொண்ட குழந்தை அவள்தான். கூடவே சடங்கு செய்துவைக்க ஒரு வாத்தியாரும் வந்திருந்தார்.

"ரத்னா, கிணத்தை மூடறதுக்கு முன்னாடி மரகதவல்லி அத்தைப்பாட்டிக்கு ஒரு சாந்தி பண்ணிடலாம்னு வந்தேன். இந்தப் புடவையைக் கிணத்தடிப் பலகையில கொண்டு வை."

அரக்குப் பட்டு. ரத்னா அதை வாங்கிக்கொண்டு கிணற்றடிவரை நடந்தாள். வைக்கக் கை வரவில்லை.

"அவங்க மேல் ரூம்ல காச்சல்ல செத்துப்பூட்டாங்கன்னு எங்கம்மா சொல்லும். இந்தக் கெணத்துல செத்தது எங்கக்காம்மா. அது பொடவ கட்ற வயசுக்கே வரல."

ஜயஸ்ரீயின் முகம் வெளுத்தது. வாத்தியாரை உள்ளே போய் இருக்கச் சொல்லிவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"என் செருப்பு. செவப்பு ரப்பர் செருப்பு, புதுசு. கிணத்துச் சுவர்ல உக்காந்து காலை ஆட்டிண்டிருந்தேன். ஒண்ணு உள்ள விழுந்து மிதந்துது. எடுத்துக் குடுன்னு அழுதேன். 'அழாத பாப்பா, எடுத்தாறேன்'னு படியில எறங்கினா. கீழ்ப்படியெல்லாம் பாசி."

"யாரையாச்சும் கூப்ட்டீங்களா?"

"மாடிக்கு ஓடிப்போய் ஒளிஞ்சுண்டேன்." ஜயஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பா கேட்டப்போ, அத்தைப்பாட்டிதான் வந்து இழுத்துண்டு போயிட்டான்னு சொன்னேன். பத்து வயசு, பயம். அப்பா நம்பினாரோ என்னவோ, அதுக்கப்புறம் யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கலை. அந்தக் கதை மட்டும் ஊர்ல சுத்த ஆரம்பிச்சுது."

"அப்போ, அது குதிக்கலியா?"

"குதிக்கறதா? ஐயோ, இல்லைடி. சிரிச்சுண்டேதான் எறங்கினா."

ரத்னாவுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த கல்லை யாரோ நகர்த்தினாற்போல மூச்சு வந்தது. கோபம் அதற்குப் பின்னால் வந்தது.

"அதுக்கப்புறம் நாப்பத்தி நாலு வருசம் எங்கம்மா உசுரோட இருந்துச்சு. நீங்க கார்ல வந்து எறங்கறப்பல்லாம் எதுத்தாப்புல நின்னு கும்புட்டுச்சு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? தான் அடிச்சதாலதான் போச்சுன்னு நெனச்சினே செத்துச்சும்மா."

"அடிச்சாளா? எனக்குத் தெரியாதே, ரத்னா." ஜயஸ்ரீ எழுந்து இரு கைகளையும் கூப்பினாள். ரத்னா அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

"கும்புடாதீங்க. என்னால அத வாங்கிக்க முடியாது."

"அவ பேர்லயே எல்லாம் பண்ணச் சொல்றேன்."

"வேணாம்மா. எங்க புள்ளைக்கு நாங்க பாத்துக்கறோம்."

பட்டை ஜயஸ்ரீயின் கையிலேயே கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

சுடுகாடு ஏரிக்கரையை ஒட்டி, கம்பெனிச் சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது. நாலு மழையில் மேடுகள் கரைந்து, அம்மாவைப் புதைத்த இடம் இதுதான் என்று காட்ட ஒன்றும் இல்லை. ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில் என்று ஒரு ஞாபகம். அங்கே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"யம்மா, அக்கா குதிக்கலியாம். செருப்பு எடுக்க எறங்கி வழுக்கிச்சாம். உன்மேல கோவமே இல்லியாம்."

ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போயின. அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கடைசி லாரி போகும்வரை காத்திருந்தாள். பிறகு, காது மந்தமானவளிடம் சொல்வதுபோல் மண்ணுக்குக் கிட்டே குனிந்து, முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.