இரும்புக் கதவின் முன் ஒரு சாட்சி

மேடையின் பின்பக்கப் படிகளில் மூன்றை ஒரே தாவலில் தாண்டிக் குதித்தார் பிரசங்கியார். முழங்கால் மடங்கி விழுந்தார். எழுந்தார். ஓடினார்.

அரங்கத்துக்குள் பாடகர் குழு இன்னும் பாடிக்கொண்டிருந்தது. ஐந்நூறு பேர் கண்களை மூடிக் கைகளை உயர்த்தி நின்றார்கள். அவர்கள் கண் திறக்கும்போது மேடையில் மைக் மட்டும்தான் இருக்கும். இருக்கட்டும்.

வேனின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தாள் அவர் மனைவி. காதில் செல்போன்.

“தங்கச்சி, அழாதே. கிளம்பிட்டோம். இதோ, அவரே பேசுறாரு.”

வாங்கினார். மறுமுனையில் ஒரு தாயின் குரல் உடைந்து உடைந்து வந்தது.

“ஐயா, பாப்பாவுக்கு மத்தியானத்துலேர்ந்து வலிப்பு. விட்டு விட்டு வருது. இப்போ வந்தது நாலாவது தடவை. எங்க வீட்டுக்காரரு அவளோட கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள ஜெபம் பண்றாரு. ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது. நர்ஸம்மா ஊசியோட நிக்கறாங்க. திறக்க மாட்டேங்கறாருய்யா!”

“போனைக் கதவுகிட்ட பிடிங்க. நான் சொல்றேன்.”

“அதையும் கேட்டுட்டேன். போன்ல சாத்தான்கூட உங்க குரல்ல பேசுவானாம். நீங்க நேர்ல வந்து சொன்னாத்தான் கேப்பாராம்.”

“கதவை உடைக்கச் சொல்லுங்கம்மா!”

“அவரு பூட்டுக்காரருய்யா. தன் கையாலயே செஞ்ச இரும்புக் கதவு. ஊர்ல எல்லார் பூட்டையும் திறந்து விடறவரு உள்ள பூட்டிக்கிட்டா, யாருய்யா திறக்கறது?”

வேன் பாய்ந்தது. நாற்பது நிமிடத் தூரம்.

“இன்னும் வேகமா போப்பா.”

“நூறுல போறேன் ஐயா,” என்றார் டிரைவர். “இதுக்கு மேல மிதிச்சா நாம நேரா பரலோகம்தான். உங்களுக்கு அங்க இடம் இருக்கும், எனக்குச் சந்தேகம்.”

வழக்கமாக இதற்குச் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. வேனின் பின்பகுதியில் தகரப் பெட்டி ஒன்று ஒவ்வொரு குழிக்கும் கலகலவென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது.

சாட்சிப் பெட்டி. வேறு பிரசங்கிகளிடம் இல்லாத, அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. கூட்டத்தின் முடிவில் சுகம் பெற்றவர்கள் மேடையேறி, இனி தங்களுக்கு வேண்டாத பொருளை அதில் போடுவார்கள். மூக்குக் கண்ணாடி, இடுப்புப் பட்டை, மாத்திரை அட்டை. உள்ளே விழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மைக் வைப்பார். டங்! ஒவ்வொரு டங்குக்கும் கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பூட்டுக்காரர் தன் எட்டு வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். பாப்பாவுக்குக் கை எட்டவில்லை. பிரசங்கியார்தான் அவளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். அவள் மாத்திரை அட்டையைப் போட்டாள். சத்தம் கேட்டுத் தானே சிரித்தாள். இன்னொரு தடவை போடட்டுமா என்று கேட்டாள்.

அதற்கு முன் அவர் சொல்லியிருந்த சாட்சிதான் அவர்களை மேடைக்கு இழுத்தது. எந்த ஊருக்குப் போனாலும் அவர் முதலில் சொல்வது அதைத்தான். கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். இருபத்தெட்டாவது வயதில் வலிப்பு வந்தது, வேலை போனது. ஐந்து வருடம் மாத்திரை. ஒருநாள் ஜெபத்தில் மனம் உடைந்து அழுதார். ‘போதும், எழுந்திரு’ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. இருந்த மாத்திரைகளையெல்லாம் சாக்கடையில் கொட்டினார். பதினொரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஒரு மாத்திரை தொடவில்லை. ஒரு வலிப்பு வரவில்லை.

அதில் ஒரு எழுத்துகூட அவர் கூட்டிச் சொன்னதில்லை. காணிக்கைக்காக மிகைப்படுத்துகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட மாட்டார். அவரிடம் வீடு இல்லை, பிள்ளை இல்லை. இரண்டு பெட்டி, ஒரு வேன், ஒரு மனைவி, ஒரு உண்மை. அவ்வளவுதான் சொத்து.

“நான் அந்தப் பிள்ளையோட மாத்திரையை நிறுத்தச் சொல்லலையே,” என்றார் மனைவியிடம்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். “தூக்கிப் பிடிச்சீங்க இல்ல,” என்றாள்.

பழைய கட்டடம். கீழே பூட்டுக்கடை, பக்கத்தில் அச்சகம். மாடிப்படி முழுக்க ஆட்கள். கையில் கடப்பாரையோடு வியர்த்து வழிய நின்றிருந்த அச்சகக்காரர் அவரைப் பார்த்ததும் வழியை மறித்தார்.

“வாங்க, வாங்க. உங்க போஸ்டரை அடிச்சுக் கொடுத்த பாவி நான்தான். ‘மருந்தில்லா விடுதலை’, ரெண்டாயிரம் காப்பி. நீங்க பத்த வெச்ச நெருப்பு, நீங்களே அணைங்க. கடப்பாரைதான் வளைஞ்சுது, கதவு அசையல.”

“தீயணைப்பு வண்டி?”

“வருதாம். எப்போன்னு கேட்டா வருதாம்.”

மேலே குறுகலான நடை. சாம்பல் வண்ணம் அடித்த இரும்புக் கதவு. அதன்மேல் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தாள் தாய். பக்கத்தில் நர்ஸ். கையில் மூடி கழற்றாத ஊசி.

“ஆறு தடவை ஆச்சு சார்,” என்றாள் நர்ஸ் தாழ்ந்த குரலில். “இடையில பிள்ளை முழிக்கவே இல்லைன்னு சத்தத்தை வெச்சுத் தெரியுது. அடுத்தது நிக்காம வந்தா மூளை தாங்காது. எனக்கு வேண்டியது ரெண்டு நிமிஷம். கதவைத் திறக்கச் சொல்லுங்க, போதும்.”

அவர் கதவைத் தட்டினார்.

“தம்பி, நான் வந்திருக்கேன்.”

“ஐயா! ஸ்தோத்திரம்! வந்துட்டீங்களா!” உள்ளிருந்து வந்த குரலில் அவ்வளவு சந்தோஷம். “கர்த்தர் உங்களை அனுப்புவார்னு எனக்குத் தெரியும் ஐயா. அங்கிருந்தே ஜெபம் பண்ணுங்க.”

“திற தம்பி. உள்ள வந்து கை வெச்சு ஜெபிக்கிறேன்.”

“வேணாம் ஐயா. நீங்க வந்தா பின்னாடியே ஊசியும் வரும். ஜெபத்துக்குத் தூரம் ஏதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“மருந்தும் கடவுள் கொடுத்ததுதான் தம்பி. ஊசி போடட்டும்.”

உள்ளே காலடிச் சத்தம் கதவை நெருங்கி வந்தது.

“இது ஐயாவோட குரல்,” என்றார் பூட்டுக்காரர் மெதுவாக. “ஐயாவோட பேச்சு இல்ல. மருந்து கடவுள் கொடுத்ததுன்னா, நீங்க ஏன் சாக்கடையில கொட்டினீங்க?”

“அது எனக்குக் கிடைச்ச இரக்கம். எல்லாருக்கும் அப்படியே...”

“ஏன்? என் பொண்ணு என்ன குறைஞ்சவ? உங்களுக்குச் செய்யறவரு இவளுக்குச் செய்ய மாட்டாரா? நான் பயந்து கதவைத் திறந்துட்டு, இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா சுகம் கிடைச்சிருக்கும்னு பின்னாடி தெரிஞ்சா, அந்தப் பாவத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?”

“யோவ், உன் பொண்டாட்டி இங்க செத்துக்கிட்டிருக்கா!” என்று படியிலிருந்து கத்தினார் அச்சகக்காரர்.

“ஐயா ஒருத்தர் மட்டும் பேசட்டும்,” என்றது குரல். “ஐயா, ஒன்னே ஒன்னு சொல்லுங்க. நீங்க மாத்திரை இல்லாம பதினொரு வருஷம் நிக்கறது உண்மைதானே? அது உண்மைன்னா நானும் நிப்பேன். பொய்யின்னா இப்பவே திறக்கறேன்.”

அந்த நொடியில் உள்ளே கட்டில் சுவரில் மோதத் தொடங்கியது. டக். டக். டக். டக். சின்ன உடம்பு அவ்வளவு பெரிய சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியாது.

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். “ஏழு.”

தாய் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

பிரசங்கியார் கண்களை மூடினார். ஆண்டவரே, ஒரு வார்த்தை. ஊர் ஊராக உம்மைப் பற்றிப் பேசினேன். இப்போது நீர் ஒரு வார்த்தை பேசும். கட்டில்தான் பேசியது. சாக்கடை ஓரம் நின்ற அந்த நாளில் தெளிவாகக் கேட்ட குரல் இன்று எங்கே போயிற்று? உமக்காக உயிரை விடச் சொன்னால் யோசிக்காமல் விடுவேன். நீர் செய்ததைச் செய்யவில்லை என்று சொல்லச் சொல்கிறீரா? கொடுத்த சுகத்தை உம் முகத்திலேயே திருப்பி எறிந்துவிட்டு, நாளைக்கு எந்த வாயால் உம்மைக் கூப்பிடுவேன்?

டக். டக். டக்.

கூப்பிடாமலே போகட்டும் என்று முடிவு செய்தார்.

“பொய்,” என்றார்.

“என்ன ஐயா?”

“நான் சொன்னது பொய்!” தொண்டை கிழியக் கத்தினார். படியில் இருந்தவர்கள், வாசலில் இருந்தவர்கள், எல்லோருக்கும் கேட்டது. “நான் மாத்திரையை நிறுத்தவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் சாப்பிடறேன். கூட்டம் சேரணும்னு பொய் சொன்னேன். திறடா தம்பி!”

“என் பொண்ணைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்க.” குரல் நடுங்கியது. ஆனால் கதவு அசையவில்லை. “என்ன மாத்திரை? எத்தனை? சொல்லுங்க பாப்போம்.”

வாயைத் திறந்தார். பதினொரு வருடத்துக்கு முன்னால் விழுங்கியது. என்ன நிறம்? உருண்டையா, நீளமா? மறந்தே போயிருந்தது. மறந்துவிட்டதை மேடைகளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் அவர்.

“வெள்ளை மாத்திரை.” அவர் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். மனைவி. அவரை விலக்கிவிட்டுக் கதவின் முன்னால் வந்து நின்றாள். “சின்னது. நடுவுல ஒரு கோடு. தினம் காலையில ஒன்னு. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கூட்டத்துல மேடையிலயே அவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்து, கை உதறுச்சு. ஜனங்க பரிசுத்த ஆவியோட அபிஷேகம் இறங்குதுன்னு கை தட்டினாங்க. மறுநாள்லேர்ந்து ஒன்னரை. கோட்டுல உடைச்சு அரை. நான் மருந்துக்கடையில வேலை பார்த்தவ தம்பி. எனக்குத் தெரியும். திறங்க.”

உள்ளே ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு இன்னொன்று. சாவி ஒன்று நடுங்கி நடுங்கித் துவாரத்தைத் தேடும் சத்தம். பிரசங்கியார் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். மூன்றாவது பூட்டு. கதவு திறந்தது.

நர்ஸ் எல்லோரையும் இடித்துக்கொண்டு பாய்ந்தாள்.

பூட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. பிரசங்கியாரின் முகத்தையே பார்த்தார். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிரசங்கியாரும் மனைவியும் உட்கார்ந்திருந்தபோது சாயங்காலம் ஆறு மணி. எதிர் பெஞ்சில் பூட்டுக்காரர், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு அவர் மனைவி. டாக்டர் வெளியே வந்தார்.

“வலிப்பு நின்னுடுச்சு. உயிருக்கு ஆபத்து இல்ல. ஆனா பிள்ளை அம்மாவைப் பார்த்து ‘யாரு’ன்னு கேக்குது. வலது கை சரியா தூக்கல. பழைய மாதிரி ஆகுமான்னு என்னை இன்னிக்குக் கேக்காதீங்க.” போக இருந்தவர் திரும்பினார். “மாத்திரையைத் திடீர்னு நிறுத்தியிருக்காங்க. எந்தப் புண்ணியவான் சொன்னான் இதை?”

பூட்டுக்காரர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

அடுத்த கூட்டத்துக்கு ஏற்பாடு செய்திருந்தவர்களிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. பிரசங்கியார் எடுக்கவில்லை. அவர் கத்தியதை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். அதற்குள் நான்கு ஊருக்குப் போயிருந்தது.

“ஊர் என்ன வேணா பேசட்டும்,” என்றார் மனைவியிடம். “பொய்யன்னு சொல்வாங்க, சொல்லட்டும். அது எனக்குப் பாரமில்ல. கர்த்தர் செஞ்ச ஒன்னை இல்லன்னு சொல்லிட்டேன் பாரு, அதுதான் இங்க கிடந்து அறுக்குது. செய்யாம இருந்திருந்தா பிள்ளை செத்திருக்கும். செஞ்சதால நான் செத்துட்டேன். ரெண்டுக்கும் நடுவுல அவரு எனக்கு ஒரு வழிகூடக் காட்டல.”

அவள் கைப்பையை மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தாள்.

“உன்னையும் பாவத்துல இழுத்துட்டேன். என்னை மன்னிச்சிடு. நான் திக்கி நின்னப்போ நீ வந்து அப்படி அடுக்கினியே! கோடு, ஒன்னரை, வாய் இழுத்தது... அந்தக் கூட்டத்துல எனக்குக் கை நடுங்கினது நிஜம். அதை எங்க கொண்டுவந்து கோத்த! நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன். இவ்வளவு நேர்த்தியா பொய் சொல்ல உனக்கு எப்படி வந்துச்சு?”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். வேனில் ஏறியதிலிருந்து இப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

“ஏங்க, நான் பொய் சொல்லல. நீங்களும் சொல்லல.”

“என்ன சொல்ற?”

“நீங்க சாக்கடையில கொட்டின நாலாம் நாள் குளியலறையில விழுந்தீங்க. நுரை தள்ளி, பத்து நிமிஷம். தெளிஞ்சப்போ உங்களுக்கு ஒன்னும் ஞாபகம் இல்ல. வழுக்கிட்டேன்னு சொல்லிக்கிட்டே சட்டை மாட்டிக்கிட்டு முதல் சாட்சி சொல்லப் போயிட்டீங்க. அன்னிக்கு இருந்த அந்த முகத்தை அஞ்சு வருஷத்துல நான் பார்த்ததில்ல. சொல்ல மனசு வரல. அப்புறம் ஒவ்வொரு ஊரா ஜனங்க மேடையேறி அந்தப் பெட்டியில போடப் போட, சொல்லத் தைரியம் வரல. இந்தப் பிள்ளை போட்ட அன்னிக்கும் நான் பின்வரிசையில குனிஞ்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“அப்போ, இந்தப் பதினொரு வருஷமா?” என்றார்.

“தினமும் நான்தான் காப்பியில பொடிச்சுப் போட்டுக் கொடுக்கறேன்,” என்றாள் அவள். “இன்னிக்குக் காலையிலகூட ஒன்னரை.”