சிவப்புக் கட்டம்

பள்ளி வேன் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டபோது அம்மாவின் கை மகளின் சட்டைப் பட்டனில் இருந்தது. "வேண்டாம்" என்றது ஒரு குரல். அதுவும் கறாராக. அம்மாவின் குரலேதான், ஆனால் அவள் வாயைத் திறக்கவே இல்லை.

சொன்னது மகளின் கழுத்தில் தொங்கிய பேசும் பலகை. பத்து வயதாகியும் பேச்சு வராத பெண்ணுக்கு ஆட்டிசப் பயிற்சி டீச்சர் வாங்கித்தரச் சொன்னது. படம் ஒட்டிய கட்டத்தை அமுக்கினால் பதிந்துவைத்த குரல் பேசும். தண்ணீர், பசி, பாத்ரூம், வலி, அம்மா என எல்லாவற்றையும் பெற்றவளே தேன் ஒழுகப் பேசிப் பதிந்திருந்தாள். கடைசிக் கட்டம் மட்டும் ஒரு வருடமாகக் காலியாகக் கிடந்தது. போன வாரம் டீச்சர் அதைத் தட்டிக் காட்டி, "வேண்டாம்னு சொல்ல இவளுக்கு வழியே இல்லையே" என்றார்.

"அதுக்கென்ன டீச்சர், கடிச்சு வெச்சான்னா எனக்குப் புரிஞ்சுடும்." அம்மா மணிக்கட்டுத் தழும்பைக் காட்டிச் சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை.

"கடிக்காம சொல்லட்டுமே."

அந்தக் கட்டத்தில் சிவப்புத் தாள் ஒட்டி, அம்மாவைப் பேசச் சொன்னார். அவள் சொன்ன "வேண்டாம்" அவருக்குப் பிடிக்கவில்லை. "கெஞ்சுறீங்க. இப்படிச் சொன்னா யார் கேப்பாங்க?" அம்மா கண்ணை மூடி, லீவு நாளிலும் வேலைக்குக் கூப்பிடும் தன் சூப்பர்வைசரின் முகத்தை நினைத்துக்கொண்டாள். அவரிடம் ஒரு நாளும் சொல்லத் துணியாத சொல், வந்தது பாருங்கள், அவளே திடுக்கிட்டுப் போனாள். டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "முதல் தடவை அமுக்கும்போது நீங்க நிறுத்தியே ஆகணும். அன்னைக்குக் கேக்கலேன்னா, அப்புறம் அதைத் தொடவே மாட்டா. திரும்பக் கடிக்கத்தான் செய்வா."

வாரம் முழுக்க அந்தப் பெண் சிவப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனையோ சாவகாசமான மாலைகள் இருந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டு, உயிர் போகிற இந்த நேரம்தானா கிடைத்தது இவளுக்கு?

கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்த கணவர் திரும்பாமலே சொன்னார். "இந்த வீட்ல உன் குரல் ஒண்ணு போதாதா? போட்டு விட்டுக் கிளப்பு, வேன் போயிடும்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

அம்மா கையை எடுத்துவிட்டாள். எதை வேண்டாம் என்கிறாள்? சட்டையையா, பள்ளிக்கூடத்தையா, என்னையேவா? எடுத்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். சட்டைக் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. பட்டன் ஒரு நூல் பிசகினாலும் சட்டையைத் திருப்பி அனுப்புகிறவள். அவள் கண்ணெதிரே மகள் நாக்கைத் துருத்திக்கொண்டு, பட்டனைப் பிடித்து, அடுத்த ஓட்டையில் விட்டுத் திணிக்க ஆரம்பித்தாள். ஓகோ, இதுதானா. நானே போட்டுக்கொள்கிறேன் என்கிறாளா? அம்மாவுக்கு விரல் துறுதுறுத்தது. அது தப்பு ஓட்டையடி கண்ணு.

வேன் வாசலுக்கு வந்து ஹார்ன் அடித்தது. அம்மா அடுப்படிக்கு ஓடி, ஏற்கெனவே அணைத்திருந்த அடுப்பை மறுபடி அணைத்துவிட்டு வந்தாள். இன்னும் இரண்டு பட்டன் பாக்கி. ஜன்னலுக்குப் போய், "இதோ வந்துட்டோம்" என்று கத்திவிட்டுத் திரும்பினாள். இன்னும் ஒன்று. இந்த ஜென்மத்தில் முடியாது போலிருந்தது. முடிந்தது. சட்டை ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் தொங்கியது.

வேனில் பிள்ளைகளை ஏற்றிவிடும் ஆயா தங்கமான மனுஷி, ஆனால் கை பரபரவென்று ஓடும். இருவரும் வாசலுக்கு வந்ததுமே வேன் படியிலிருந்து பார்த்துவிட்டார்.

"ஏம்மா, அவசரத்துல பட்டனை மாத்திப் போட்டுட்டியே" என்று இறங்கிவந்து குனிந்து ஒரு பட்டனைப் பிடித்தார்.

அம்மாவுக்கு மகளின் பல்லும் தெரியும், ஆயாவின் மெலிந்த மணிக்கட்டும் தெரியும். தடுக்க வாயெடுப்பதற்குள் குரல் முந்திக்கொண்டது.

"வேண்டாம்."

ஆயா அப்படியே நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. "நல்லதுக்குத்தானே செய்யப் போனேன். அதுக்கு எதுக்கும்மா இவ்ளோ கோவம்?"

"நான் சொல்லல ஆயாம்மா" என்றாள் அம்மா. "அவ சொன்னா."

ஆயா பலகையைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. அவள் விரல் சிவப்புக் கட்டத்தின் மேலேயே இருந்தது. டிரைவர் மறுபடி ஹார்ன் அடித்தார். ஆயாவின் இரண்டு விரல்கள் இன்னும் அந்தப் பட்டனைப் பிடித்திருந்தன.