முறைக்காரி

விடிந்தும் விடியாத நேரத்திலேயே குருவிப்பாறைத் தோட்டத்தில் பதினாலு பெண்கள் ஏலச்செடிகளின் தூரில் குந்திவிடுவார்கள். ஏலக்காய் தரையோடு கிடக்கும் சரத்தில்தான் காய்க்கிறது. ஈர மண்ணில் தழையை விலக்கி, பழுத்ததை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். கால்விரல் இடுக்கில் அட்டை ஏறும். முந்தின நாள் செடிக்கு அடித்த மருந்தின் நெடி தொண்டையில் நிற்கும். எட்டு மணிக்குள் இடுப்பு மரத்துப்போகும்.

இந்த மாதிரி உடம்புகளுக்காகத்தான் மலையடியில் இருந்த ஆஸ்பத்திரியைப் போன வருஷம் புதுப்பித்தார்கள். டைல்ஸ் தரை, வண்ண நாற்காலி, டோக்கன் மிஷின், சுவரில் டி.வி. 'நோயாளியே இங்கு முதன்மை' என்று வாசலில் மலையாளப் பலகை. முதன்மையானவர்களுக்கு எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. டாக்டர் பார்ப்பது ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. தோட்டத்தில் ஆறரைக்குப் பேர் போட்டால் நாலரைக்குத்தான் விடுவார்கள். மாலையிலும் பார்க்கிறோம் என்று இரண்டிலிருந்து நாலு வரை வைத்தார்கள். யாரும் வரவில்லை. மக்களுக்குத் தேவையில்லை என்று எழுதி அதையும் நிறுத்தினார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

பெண்கள் தாங்களே ஒரு வழி கண்டார்கள். புதன்கிழமைக்கு ஒருத்தி முறை. முறைக்காரி அன்றைய வேலையை விட்டுவிட்டு, எல்லாருடைய ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போவாள். பதினாலு பேரின் நோவையும் ஒரே வாயால் ஒப்பிப்பாள். "பேஷண்ட் எங்க?" என்று பின்சி சிஸ்டர் சலித்துக்கொள்வாள். தோட்டத்தில் என்பாள் முறைக்காரி. நூறு பேருக்கு ஒற்றை ஆளான டாக்டர் நிமி தலை நிமிராமல் எழுதித் தள்ளுவாள். திருப்தியா என்று கேட்கும் படிவத்தில் பதினாலு பேருக்கும் முறைக்காரியே திருப்தி போட்டுவிடுவாள்.

அந்தப் புதன் ராசம்மாளின் முறை. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மாத்திரைக் கவர்களில் மலையாளத்தில் எழுதியிருந்த பேர்கள் அவளுக்கு வாசிக்க வராது. அடுக்கிய வரிசையை வைத்துத்தான் கொடுப்பாள். நனைந்த கவர்களை அடுப்பு மேட்டில் பரப்பிக் காயவைத்ததில் வரிசை குலைந்துவிட்டது. கத்தரீனாளின் சர்க்கரை மாத்திரை, தலைசுற்றலுக்கு மருந்து கேட்டிருந்த அழகுத்தாய் கைக்குப் போனது.

மறுநாள் அதைப் பாலில்லாக் கட்டன்காப்பியோடு விழுங்கிவிட்டு வந்த அழகுத்தாய், ஏழரை மணிக்குக் கூடையோடு செடித்தூரில் சாய்ந்தாள். உடம்பு தெப்பலாக வேர்த்தது, கை நடுங்கியது. அந்த வேர்வையைக் கத்தரீனாள் அறிவாள். நினைவு தப்புவதற்குள் தன் முந்தியில் முடிந்திருந்த வெல்லத்தை அவளைச் சப்பவைத்தாள். அதனால் பிழைத்தாள்.

குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பியவளின் காலைப் பிடித்துக்கொண்டு ராசம்மாள் அழுதாள்.

"விடு மதினி. எந்தலை எப்பிடிச் சுத்துதுன்னு நீ சொல்லி அவுகளுக்கு என்னத்த வெளங்கும்?" என்றாள் அழகுத்தாய்.

அன்றே எல்லாரும் முதலாளி பூபதிராஜாவிடம் போனார்கள். வரும் புதன்கிழமை அத்தனை பேருக்கும் அரைநாள் வேண்டும், மாலை நாலரைக்கு மேலும் டாக்டர் பார்க்க வேண்டும் என்று தாங்கள் எழுதிய மனுவில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவர் காய்ந்த ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"காய் வெடிச்சுக் கொட்டுது. ஒருத்தி போயி எல்லாருக்கும் வாங்கியாறதுதான உங்க பழக்கம்?"

"பழக்கந்தான் மொதலாளி. அதுலதான் இவ விழுந்தா" என்றாள் ராசம்மாள்.

"மாத்திக் குடுத்தது நீ. அதுக்கு நான் என்ன செய்ய?"

கத்தரீனாள் முன்னால் வந்தாள்.

"மாத்துனது அவதான். பதினாலு உடம்ப ஒரு பையில போட்டுச் சொமக்க வச்சது யாரு மொதலாளி?"

கையெழுத்து கிடைக்கவில்லை. போகிறவர்களுக்குப் பதில் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஆள் இறக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

புதன்கிழமை ஆறரை மணிக்குக் கூடைகள் லயத்துச் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன. பதினாலு பேரும் மலையிறங்கினார்கள். பயம் இருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு ஜீப்பையும் உற்று உற்றுப் பார்த்தார்கள்.

பின்சி வழக்கம்போல ராசம்மாளிடம் கையை நீட்டினாள். ஒரே ஒரு சீட்டு வந்தது. மற்றவை எங்கே என்று கேட்டு நிமிர்ந்தவளின் முன்னால் பதிமூன்று கைகள் நீண்டன, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு.

அழகுத்தாய்தான் முதலில் உள்ளே போனாள். எப்போது தலை சுற்றுகிறது என்று டாக்டர் கேட்டாள்.

"மருந்தடிச்ச மறுநாளு செடிக்குள்ள எறங்குனா சுத்தும். மத்த நாளு இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். ஒரு வருஷமாக அந்தச் சீட்டில் வெறும் தலைசுற்றல் என்றுதான் இருந்தது. மருந்தடித்து எத்தனை நாள் கழித்து இறங்குகிறார்கள், கையுறை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். மாலை நேரம் தன் கையில் இல்லை, பஞ்சாயத்துக் கமிட்டிதான் முடிவெடுக்க வேண்டும் என்றாள். பிறகு மனுவை வாங்கி, பதினாலு பேருக்கும் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

வெளியே ராசம்மாளின் போன் அடித்தது. தோட்டத்து சூப்பர்வைசர். கம்பத்து ஜீப் வந்து நிற்கிறது, அரைமணிக்குள் வராவிட்டால் ஒருத்திக்கும் வேலையில்லை என்றான். ராசம்மாள் வரிசையைப் பார்த்தாள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் பதிமூணு பேரப் பாக்கணும். பாத்து முடிச்சிட்டு, எல்லாருமாச் சேந்துதான் வருவோம்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.