லுஹருக்கு மூடிய மடிக்கணினி

...இதைத் திருடன் என்று அது பார்க்கிறது, அதைத் திருடன் என்று இது பார்க்கிறது, இரண்டும் ஒரே வீட்டுக்குக் காவலாம், பிறகு எப்படி ஓடும் இந்த மடிக்கணினி? பள்ளிவாசல் செயலாளர் ஹிஸ்புல்லா ஹாஜியாருக்கு எதிலும் இரண்டு வேண்டும், வீட்டுக் கேற்றுக்கு இரண்டு பூட்டு, பள்ளிவாசல் அலுமாரிக்கு இரண்டு பூட்டு, இதற்கும் இரண்டு ஆன்டிவைரஸ், ஒன்றுக்குச் சிவப்புப் பூட்டுப் படம், மற்றதற்குப் பச்சைக் கேடயம். காலையில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார், தாடியைத் தடவினார், வாசலைப் பார்த்தார், அவருக்குக் கதை எப்போதும் மெதுவாகத்தான் வரும், நாங்கள் காத்துக்கொண்டு நிற்க வேண்டும், பிறகுதான், "மகள், இது சாகப்போற மாதிரி இழுக்குது, இழுக்காத ஆன்டிவைரஸ் ஒன்டு பாத்துப் போட்டுத் தாங்க, பின்னேரம் அஸருக்கு முந்தி வேணும், பள்ளிட வேல எல்லாம் இதுலதான் இரிக்கி" என்றார். மகளாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் யாருடைய மகள் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, அபூசாலி மகள், தொண்ணூறில் விரட்டப்பட்டு மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த அபூசாலியின் மகள். "சரி ஹாஜியார்" என்றுதான் சொன்னேன். சிரித்தேனா? சிரித்திருப்பேன், கடை வைத்திருப்பவள் சிரிக்கத்தானே வேண்டும்.

இழுக்காத ஆன்டிவைரஸ் எது என்று கேட்காத ஆள் இந்தக் கற்பிட்டி றோட்டில் இல்லை, எல்லாருக்கும் நான் வைத்திருப்பது ஒரே பதில். கணினியோடு கூட வருகிற காவலே போதும், அதைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள், கண்டதையும் அமுக்காதீர்கள், பென் டிரைவைக் கண்ட இடத்தில் செருகாதீர்கள். வேறு போட்டே ஆக வேண்டும் என்றால் ஒன்று, ஒன்றே ஒன்று, பழைய இயந்திரத்தின் நினைவகத்தில் பாதியைத் தின்றுவிடாத ஒன்று, சோதனை ஓடும் நேரத்தை நீங்கள் வேலை செய்யாத நேரத்தில் வையுங்கள்... இதை இவருக்கும் சொல்லலாம். சொல்ல வேண்டுமா? மூன்றாவதாக ஒன்றைப் போட்டுவிட்டால் என்ன, இருப்பதிலேயே கனமானதை, ஒரு எழுத்தை அமுக்கினால் அது திரையில் விழுவதற்குள் ஒரு பிளேன்டி குடித்து முடிக்கலாம், ஜும்ஆ அறிவித்தல் அடிக்க வெள்ளி விடியக் குந்தினால் சனிக்கிழமைதான் எழும்புவார். அல்லது டிஸ்க் போய்விட்டது ஹாஜியார், ஒன்றும் எடுக்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை, கடல் காற்றுக்கு இங்கே எல்லாம்தானே துருப்பிடிக்கிறது, யார் கேட்கப்போகிறார்கள்? நானூறு குடும்பத்தின் பதிவு இதற்குள் இருக்கிறது. நினைக்கும்போதே நெஞ்சுக்குள் இதமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

நேர அட்டவணையைத் திறந்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது, இந்த முறை உண்மையான சிரிப்பு. பன்னிரண்டேகாலுக்கு முழுச் சோதனை, ஒவ்வொரு நாளும். லுஹர் பாங்கு சொல்கிற நேரம். நான் பள்ளியில் இருப்பேன், அந்த நேரம் அது தன் வேலையைப் பார்க்கட்டும் என்று அவரே வைத்திருக்கிறார், கெட்டித்தனம்தான், ஆனால் பாங்கு கேட்டதும் என்ன செய்வார்? மூடியை மூடிவிட்டு எழும்புவார். பேரப்பிள்ளைகள் தட்டிவிடுமே. மூடினால் கணினி உறங்கும், சோதனையும் உறங்கும், தொழுதுவிட்டு வந்து திறந்ததும் தவறவிட்ட சோதனையை இரண்டு காவலாளிகளும் முதலிலிருந்து தொடங்கும், பின்னேரம் முழுக்க இழுத்தடிக்கும், ஆத்திரத்தில் மறுபடியும் மூடுவார். கடைசியாக முடிந்த சோதனை எப்போது என்ற இடத்தில், ஒருபோதும் இல்லை என்று இருந்தது. ஒரு வருஷமாக ஒவ்வொரு நாளும் தொடங்கி ஒரு நாளும் முடியாத வேலை. நான் சிவப்புப் பூட்டைக் கழற்றினேன், பச்சைக் கேடயத்தைக் கழற்றுவதற்கு முன் அதைக் கொண்டே ஒரு முழுச் சோதனை ஓடவிட்டேன், மூடியைத் திறந்தே வைத்து. அது அவசியமா? அவசியமில்லை. பச்சைக் கேடயம் எந்தக் கோப்பைப் பார்க்கிறதோ அதன் பெயரைத் திரையில் காட்டிக்கொண்டே போகும், அதற்காகத்தான் ஓடவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் வீட்டுக்கு வருவதில்லை. பெண்ணின் பள்ளிவாசலுக்குப் போவார்கள், செயலாளரிடம் குடும்பம் எப்படி, பிள்ளை எப்படி என்று விசாரிப்பார்கள், வேறு ஊர் என்றால் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு போவார்கள். எத்தாளை ஊர் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் போனார்கள், உம்மா வட்டிலப்பம் அவித்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார், நான் புத்தளத்தில் கணினி வகுப்பு முடித்து வந்த வருஷம், தலைக்குப் போட நீலச் சோல் ஒன்றை மடித்து வைத்திருந்தேன், இப்போதும் இருக்கிறது. வந்தது மாப்பிள்ளை வீட்டார் இல்லை, கலியாணம் பேசி வைக்கிற சித்தி ஸுலைஹா. "சரிவரல்ல. செக்ரட்டரி என்னமோ சொல்லீட்டாராம், அது எந்நேரமும் கொம்பியூட்டரோட இரிக்கிற புள்ளயாம்" என்றார், வட்டிலப்பத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டே. கணினியோடு இருக்கிற பிள்ளை என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் விளக்கவில்லை, யாருக்கும் விளக்கம் தேவைப்படவும் இல்லை, அடுத்த கிழமைக்குள் ஊரே என்னை அந்தப் பெயரால்தான் சொன்னது. அடுத்த ஜும்ஆவுக்கு வாப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று மைல் தள்ளியிருந்த வேறு பள்ளிவாசலுக்குப் போனார், அதற்கடுத்த ஜும்ஆவுக்கும், மௌத்தாகும் வரை ஆறு வருஷம், உச்சி வெயிலில், அந்த மணல் றோட்டில், வீட்டு முன்னால் பள்ளிவாசல் இருக்க. கலியாணம் போனது போகட்டும். அந்தச் சைக்கிளைத்தான் நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

இப்போது பாருங்கள், அல்லாஹ் சும்மா இருக்கவில்லை. ஹாஜியாரின் கடைசி மகள் அஸ்காவைக் கேட்டுச் சிலாபத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது. பெண்ணின் வாப்பாவே செயலாளர் என்றால் விசாரிப்பது யாரிடம்? அக்கம்பக்கத்துக் கடைகளில்தான். நேற்று நஃபீஸா என்று ஒரு பெண், மாப்பிள்ளையின் பெரியும்மா, அடையாள அட்டை போட்டோகொப்பி எடுக்கிற சாக்கில் வந்து நின்றார், "அந்த அஸ்கா புள்ள எப்பிடி? பொம்புளப் புள்ளயளுட போனெல்லாம் ஒங்கட கைக்குத்தானே வருது, ஒங்களுக்குத் தெரியாததா" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கடையில் ஆள் நின்றது. "நாளைக்கு எடுங்க, கதைக்கிறன்" என்றேன். அஸர் தொழுதுவிட்டு எடுப்பதாகச் சொல்லி என் இலக்கத்தை வாங்கிக்கொண்டு போனார். சொல்ல வேண்டிய வசனம் பன்னிரண்டு வருஷமாக ஆயத்தமாக இருக்கிறது, ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதும். அது எந்நேரமும் போனோட இரிக்கிற புள்ள. பொய்கூட இல்லை, யார்தான் போனோடு இல்லை? அஸ்கா ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிற பிள்ளை, ஒப்படைகளை அச்செடுக்க வரும், எடுத்த தாள்களை இரண்டு கையாலும் வாங்கி, "ஜஸாக்கல்லாஹ் ராத்தா" என்று நன்றி சொல்லும். சொல்லட்டும். நானும் ஒரு காலத்தில் இரண்டு கையாலும்தான் வாங்கினேன்.

பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நோன்புக் கஞ்சிப் பட்டியல், ஜனாஸா அறிவித்தல், அஸ்கா சான்றிதழ், மஹல்லா குடும்பங்கள் புதியது, மஹல்லா குடும்பங்கள் பழையது, நிக்காஹ் கடிதம், நிக்காஹ் கடிதம், நிக்காஹ் கடிதம்... எத்தனை பேரின் வாழ்க்கையை இந்த மனிதர் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதியிருக்கிறார், கணினியோடு இருக்கிற பிள்ளையாம், நீங்கள் எதோடு இருந்தீர்கள் ஹாஜியார்? ...பிறகு அது வந்தது. அபூசாலி மகள் எத்தாளை. கை என்னைக் கேட்காமல் சோதனையை நிறுத்திப் பிடித்தது. பழைய கணினியிலிருந்து மாற்றிக்கொண்டு வந்த கோப்பு, திகதி அந்த வெள்ளிக்கிழமைதான், ஒரே ஒரு பக்கம் இருக்கும். அமுக்கினால் திறக்கும். அச்செடுக்கலாம், நானூறு பிரதி எடுக்கலாம், குடும்பத்துக்கு ஒன்று, பார்த்துக்கொள்ளுங்கள் உங்கள் செயலாளரின் எழுத்தை என்று. தலைக்கு மேல் சுவரில் நானே ஒட்டிய தாள், உங்கள் படங்களையும் கோப்புகளையும் இங்கே யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்த ஒரு தாளை நம்பித்தான் கண்டக்குழியிலிருந்தும் பெண்கள் போனைக் கழுத்துச் சோலுக்குள் சுற்றிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள், ஆண்கள் நடத்தும் கடைகளுக்குப் போகாமல். ஆனால் என்னைத் தடுத்தது அந்தத் தாள் இல்லை. தாளை நான் மதிக்கிறேன், இன்றைக்கு மட்டும் கிழித்துப் போட்டிருப்பேன். நல்லதாக எழுதியிருந்தால்? இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. குணமான பிள்ளை, நல்ல குடும்பம் என்று எழுதியிருந்தால் நான் என்ன செய்வது, இந்தப் பன்னிரண்டு வருஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது, யாரைப் பார்த்துப் பல்லைக் கடிப்பது? தொடரட்டும் என்று அமுக்கினேன். பச்சைக் கேடயம் அந்தக் கோப்புக்குள் போய்ப் பார்த்தது, ஆபத்து எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனது.

வேலையைச் சரியாகத்தான் முடித்தேன். பச்சைக் கேடயத்தையும் கழற்றினேன், கூட வருகிற காவலை எழுப்பிப் புதுப்பித்தேன், சோதனையை விடிய ஆறு மணிக்கு, ஸுபஹுக்குப் பிறகு அவர் ஓதிக்கொண்டு இருக்கும் நேரத்துக்கு மாற்றினேன், காற்றாடியில் அடைந்திருந்த மணலையும் ஊதி எடுத்தேன். இதில் நொட்டை வைத்தால் ஊர் என் கைவேலையைத்தான் பேசும், அவரை அடிக்கிற தடி இது இல்லை, அது அஸருக்குப் பிறகு போனில் வரும். வந்தார். "முடிஞ்சா மகள்?" "ஓம் ஹாஜியார். ரெண்டையும் கழட்டிட்டன், இதோட வாறதே காணும், புதுசா ஒன்டும் வேணாம். பாங்கு சொன்னா மூடிட்டுப் போறீங்க, அதாலதான் இழுத்த. இனிப் பகல்ல சோதன ஓடாது, மூடினாலும் பரவால்ல." திறந்தார், ஒரு விரலால் எதையோ அமுக்கினார், அது உடனே திறந்ததும் கண் விரிந்தது. போவார் என்று பார்த்தால் நிற்கிறார். தாடி. வாசல். சுவரில் உள்ள தாளை எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி வாசித்தார். "பழைய கடிதமெல்லாம் இதுல இரிக்கி. பாத்தீங்களா?" "நாங்க தொறக்கிறல்ல." மறுபடியும் அந்த மௌனம், றோட்டில் ஒரு லொறி வந்து, கடந்து, சத்தம் அடங்கும் வரை. பிறகு, "ஒங்கட வாப்பா நல்ல மனிசன்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. நல்ல மனிதன் என்று சொல்ல இவ்வளவு நேரமா? யோசித்துப் பார்த்து, வேறு ஒன்றும் கிடைக்காமல், போனால் போகிறது என்று தருகிற நல்ல பெயரா? "ஓம்" என்று மட்டும் சொன்னேன். மடிக்கணினியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்தார்.

அஸர் முடிந்தது, போன் அடித்தது, மூன்றாவது அடியில்தான் எடுத்தேன், அவசரப்பட்டதாகத் தெரியக் கூடாது. ஸலாம், சுகம், உம்மா எப்படி, எல்லாம் ஆனது. "அப்ப சொல்லுங்க மகள், அந்தப் புள்ள எப்பிடி?" வசனம் நாக்கின் நுனியில் நின்றது, வாய் திறந்தால் தானே விழும், திறந்தேன்... அந்த இரண்டு கை. எதற்கு அது இந்த நேரத்தில் வருகிறது, போ அங்காலே, வாப்பாவின் சைக்கிளை நினை, பின்சில்லு மணலில் புதைய இறங்கித் தள்ளிக்கொண்டு போவதை நினை, நினைத்தேன், அது வந்தது, ஆனால் சைக்கிளைத் தள்ளுகிறவர் திரும்பிப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, அவர் யாரைப் பற்றியும் ஒன்றும் சொன்னதில்லை, நீலச் சோல் ஒன்றை இன்னொரு பிள்ளை மடித்து வைத்துக்கொண்டு இருக்கும் இப்போது, இருக்கட்டுமே, எனக்கென்ன, எனக்கு என்ன... எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. "நல்ல புள்ள" என்றேன். சொல்லிவிட்டேன், தோற்றுவிட்டேன், அல்லது என்னவோ, மூச்சு வந்தது.

"ம்... வெளங்கிச்சி" என்றார் நஃபீஸா.

"என்ன வெளங்கின? நல்ல புள்ளன்டுதானே சொன்னன்."

"நல்ல புள்ளன்டு சொல்றத்துக்கு இவ்வளவு நேரம் யோசிச்சீங்களே மகள். ஒங்களால வாய் விட்டுச் சொல்லேலா, அது எனக்குத் தெரியும். போதும்." வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன், எடுக்கவில்லை, இன்னொரு முறை எடுத்தேன், வேறு யாரோடோ கதைத்துக்கொண்டிருக்கிறாராம். யாரோடு கதைப்பார்? என்ன என்று சொல்வார்? நான் யோசித்த அந்த நேரத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே, வெறும் மௌனத்தையா சிலாபத்துக்குக் கொண்டுபோக முடியும், அதற்குள் ஒரு வசனத்தை அவரே வைப்பார், பொருத்தமான ஒன்றை, அந்தப் பிள்ளையிடம் எதைக் கண்டாரோ அதை... கடைசியாகத் தாள் எடுக்க வந்தபோது அஸ்காவின் கையில் போன் இருந்தது. எங்கள் வீட்டுக்கு அந்த வசனத்தைக் கொண்டுவந்தது யார்? சித்தி ஸுலைஹா. அவருக்குச் சொன்னது யார்? நான் ஒருநாளும் கேட்கவில்லையே. ஹாஜியார் அன்றைக்கு என்ன சொன்னார், எத்தாளைக்காரர்களை நிற்கவைத்து, தாடியைத் தடவி, வாசலைப் பார்த்து, எவ்வளவு நேரம் கழித்து என்ன சொன்னார்? ஹாஜியார் தொழுதுவிட்டு மடிக்கணினியைக் கக்கத்தில் வைத்தபடி கடைக்கு எதிரே நடந்துகொண்டிருக்கிறார், அவருக்கு நடையும் மெதுவாகத்தான், கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இன்னும் கூப்பிடவில்லை.