அண்ணாச்சிக்கு வலமாகச் சுற்றிய விசிறி

தரைச்சக்கரத்தை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சிவகாசியில் முப்பது வருஷமாகச் சக்கரம் போட்டுத் தலையெடுத்த ரத்தினசாமி அண்ணாச்சியும் குனிந்தே பார்த்துப் பழகியவர். அவருடைய சக்கரம் வலமாகத்தான் சுற்ற வேண்டும். இடமாக ஒன்று சுற்றிவிட்டால் அந்த லோடே கம்பெனியைவிட்டு வெளியே போகாது.

அந்த மனிதரிடம் போய் மாட்டிக்கொண்டாள் பைரோஜா. அவருடைய அச்சகத்தில் லேபிள் வெட்டுகிறவள். மிஞ்சிய அட்டையிலும் மூங்கில் சிம்பிலும் ஆறு மாதம் மெனக்கெட்டு, ரிமோட்டில் பறக்கிற ஆட்டோஜைரோ பொம்மை விமானம் ஒன்று செய்திருந்தாள். மூக்கில் சின்ன மோட்டார். தலைக்கு மேலே, எதிர்க்காற்றில் தானாகச் சுற்றித் தூக்குகிற விசிறி. 2007 சீசனுக்கு ஏஜெண்டுகள் கூடும் நாளில் கம்பெனி பெயரை எழுதிப் பறக்கவிடலாம் என்று அண்ணாச்சியே சொன்னார். ஆனால் ஒத்திகையில் அண்ணாந்து பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

"ஏத்தா, இடமால்ல சுத்துது. வலமாச் சுத்தினா அன்னைக்குப் பறக்கட்டும். இல்லன்னா குப்பையில போடு."

மேலேயிருந்து பார்த்தால் அதுதான் வலம் என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. வேறு வழியில்லாமல் மாற்றிச் சுற்றும்படி புது இறக்கைகள் செதுக்கி மாட்டினாள்.

சுற்றும்போது முன்னோக்கி வருகிற இறக்கைக்குக் காற்று அதிகம். அந்தப் பக்கம் தூக்கும். மூக்கு மோட்டார் ஜைரோவின் உடம்பை இடப்பக்கம் சாய்த்தால், பழைய விசிறி வலப்பக்கம் சாய்த்துச் சரிக்கட்டிவிடும். இப்போது இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன. ஜைரோ இடப்பக்கமாகக் கவிழ்ந்து வேலியில் விழுந்தது. பைரோஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டத்தன்று பழைய இறக்கைகளையே மாட்டிக்கொண்டு வந்தாள். அண்ணாச்சியின் நாற்காலியை மட்டும் ஆபீஸ் மொட்டைமாடியில் போடச் சொன்னாள்.

"அங்கன இருந்து பாத்தாத்தான் முழுசாத் தெரியும், அண்ணாச்சி."

ஜைரோ மாடி உயரத்துக்குக் கீழேயே ஒரு சுற்று வந்தது. மேலேயிருந்து பார்த்தவருக்குச் சுத்தமான வலம்.

"பாத்தீகளா, நான் சொன்னப்புறம் எப்படிச் சுத்துதுன்னு," என்று கீழே நின்ற ஏஜெண்டுகளுக்குக் கேட்கும்படி சொன்னார்.

அதோடு இறக்கியிருந்தால் வம்பில்லை. ஆனால் தான் செய்தது அவ்வளவு அழகாக ஏறும்போது இறக்க யாருக்கு மனசு வரும்? ஜைரோ மாடியைத் தாண்டி அண்ணாச்சியின் தலைக்கு மேலே போய்விட்டது.

"ஏத்தா பைரோஜா, மறுபடி இடமாச் சுத்துதே?"

ஏஜெண்டுகள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சட்டென்று பொய் எதுவும் வாயில் வரவில்லை.

"அது மாறல, அண்ணாச்சி. நீங்கதான் இப்பம் அதுக்குக் கீழ இருக்கீக."

சிரிப்பை அடக்க ஏஜெண்டுகள் படாத பாடு பட்டார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் விறுவிறுவென்று ஏறினார். பைரோஜாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ரிமோட் குச்சியை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினாள்.