ஒன்பது நாள் டீசல்

நான்காம் எண் தொட்டியின் உச்சியில் நின்றபடி அவன் அளவு நாடாவை மூன்றாவது முறையாக உள்ளே இறக்கினான். முனையில் தொங்கும் பித்தளைக் குண்டு அடித்தகட்டைத் தொட்டதும் கையில் ஒரு சின்னத் தளர்ச்சி தெரியும். இருபத்திரண்டு வருடங்களாக அதை மட்டுமே எதிர்பார்த்துப் பழகிய விரல்கள் அவனுடையவை. மெல்ல இழுத்து, நாடாவில் தடவியிருந்த பசை எண்ணெய் பட்டு எந்த இடத்தில் நிறம் மாறியிருக்கிறது என்று பார்த்தான். முதல் இரண்டு முறை காட்டிய அதே கோடு. பழைய துணியால் நாடாவைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே டேங்கர் லாரிகள் நிற்கும் இடத்தில் வழக்கமாகப் பதினாறு வண்டிகள் இருக்கும். அன்று ஏழுதான் இருந்தன.

எண்ணெய்க் கிடங்கில் அவனை எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையும் மாலையும் ஐந்து தொட்டிகளின் மேலும் ஏறி அளந்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது வேலை. அந்தப் பதிவேட்டில் அவனுக்கு மட்டும் உறுத்தும் ஒரு விஷயம் இருந்தது. தொட்டியின் அடியில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் எண்ணெயை பம்ப் இழுக்காது. வண்டலும் தண்ணீரும் கலந்து அது அங்கேயே கிடக்கும். ஆனால் மொத்த இருப்பில் அதுவும் சேரும். போதாததற்கு, இரண்டு வாரமாக வருகிறது வருகிறது என்று சொல்லப்பட்டுவந்த கப்பலில் இருப்பதையும் மேலாளர் கூட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தார். பதிவேட்டின்படி இருபத்தொரு நாளுக்கு டீசல் இருந்தது. அவன் நாடாவின்படி ஒன்பது நாளுக்கு.

இரண்டு மாதமாக ஊரெல்லாம் இதே பேச்சு. கடலுக்கு அப்பால் பெரிய எண்ணெய் வயல்கள் வற்றுகின்றன என்று ஒருவர் தொலைக்காட்சியில் சொல்வார். அதெல்லாம் விலையேற்றுவதற்கான கதை என்று பக்கத்து நாற்காலிக்காரர் சிரிப்பார். சலூனில், பேருந்தில், கல்யாண வீட்டில் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அதில் ஒருவருக்குப் பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. அவனுக்குத் தெரிந்தது ஐந்து தொட்டி. அதையும் வெளியே சொல்லக்கூடாது என்று போன வாரம் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வேனின் பின்சீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவள் வேலை. ஆறு பேர், ஒவ்வொருவருக்கும் வாரம் மூன்று நாள். ஒரு தடவை தவறினால் மறுநாளே கால் வீங்கிவிடும், இரண்டு தடவை தவறினால் மூச்சு வாங்கும். அவர்களின் எடை, ரத்த அழுத்தம், யாருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதுவரை அவளுக்கு மனப்பாடம்.

துடைப்பதை நிறுத்தாமலே கேட்டாள். "கிடங்குல டீசல் இருக்கா?"

"இருக்கு."

"இருக்குன்னா எவ்ளோ?"

"போதுமான அளவு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "போதுமான அளவுன்னு உங்க நாடாவுல ஒரு கோடு போட்டிருக்காங்களா?"

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அன்று இரவு முழுக்க அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை; சனி, ஞாயிறு இரண்டு நாளும் கிடங்கிலிருந்து எண்ணெய் வெளியே போகாது. உட்கார முடியவில்லை. கடைவீதி வரைக்கும் நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினான். ரொட்டிக் கடை முன்னால் ஒரு வேன் நின்று தட்டு தட்டாக இறக்கியது. அது எத்தனை லிட்டர் குடிக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. வங்கி வாசலில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே குடிநீர்த் தொட்டி. அதற்கு ஏற்றும் மோட்டாரும் மின்சாரம் போனால் டீசலில்தான் ஓடும். காய்கறி மூட்டை, கட்டட மணல், மருந்துப் பெட்டி, குப்பை என்று எது நகர்ந்தாலும் அதன் அடியில் தான் அளந்த எண்ணெய் எரிகிறது. இத்தனை வருடம் தொட்டியின் உள்ளே மட்டும் பார்த்துவந்தவனுக்கு, அந்தத் தொட்டியிலிருந்து ஊர் எப்படித் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. ஒரு பெண் பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அதுவும் எண்ணெய்தான் என்று நினைத்ததும் அவனுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. எதையும் வாங்காமல் திரும்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நகராட்சி மண்டபத்தில் பொதுக் கூட்டம். மக்கள் கேட்கலாம், அதிகாரிகள் பதில் சொல்வார்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தார்கள். கிடங்கிலிருந்து மேலாளரும் அவனும் போகவேண்டும் என்று உத்தரவு. மேலாளர் மேடையில், அவன் பதிவேட்டோடு முன்வரிசையில். மனைவி வருவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. நாலாவது வரிசையில் தன் அண்ணன் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கு நாலு லாரி சொந்தம்.

கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் முதலில் பேசினார். திரையில் ஒரு கோடு மலை மாதிரி ஏறி இறங்கியது. இறங்கும் பக்கத்தில்தான் நாம் நிற்கிறோம், இன்னும் நாற்பது வருடம், அதற்குள் வாழும் முறையை மாற்றியாக வேண்டும் என்றார். மச்சான் எழுந்து, நாற்பது வருடத்தை அப்புறம் பார்க்கலாம், நாளைக் காலையில் லாரியை எடுக்கலாமா கூடாதா என்று கேட்டார். கைதட்டல். சூரியசக்தித் தகடு விற்கும் ஒரு பெண், கூரைகளெல்லாம் சும்மா வெயில் காய்ந்துகொண்டிருக்கின்றன என்று ஆரம்பித்தாள். உங்கள் தகட்டை எங்கள் கடைக்கு ஏற்றிவந்தது எந்த வண்டி என்று யாரோ குறுக்கிட, அவளும் அசராமல், அதனால்தான் டீசல் இருக்கும்போதே ஏற்றிவைக்கச் சொல்கிறேன் என்றாள். பத்து வருடமாக சைக்கிளில் மட்டுமே போகிற ஒருவர் அதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை, ஆனால் நீளமாகச் சொன்னார். தான் சின்னப் பையனாக இருந்தபோதே எண்ணெய் தீரப்போகிறது என்றார்கள், தனக்குத்தான் பல்லெல்லாம் தீர்ந்துவிட்டது என்றார் ஒரு முதியவர். மண்டபம் சிரித்தது. அவன் மட்டும் மடியில் இருந்த பதிவேட்டின் ஓரத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தான்.

கடைசியில் மேலாளர் எழுந்தார். இருபத்தொரு நாளுக்கு இருப்பு உள்ளது, யாரும் பதற வேண்டாம் என்று அமைதியாகச் சொன்னார். நல்ல மனிதர். யார் வீட்டில் நோய் என்றாலும் தன் காரைக் கொடுப்பார். அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் நிம்மதி வரும், அன்றும் வந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கத் தொடங்கியபோது அவன் மனைவி எழுந்தாள்.

தான் ஆறு நோயாளிகளை ஏற்றிச்செல்கிறவள் என்றும், அந்த இருபத்தொன்றில் கப்பலில் இருப்பதும் சேர்த்தியா என்று தெரியவேண்டும் என்றும் சொன்னாள். கப்பலைப் பற்றி அவன் வீட்டில் பேசியதே இல்லை. செய்தித்தாளை அவள் எப்படிப் படிக்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மேலாளர் ஒரு கணம் தயங்கினார். பிறகு புன்னகையோடு கையை நீட்டினார்.

"சந்தேகமே வேண்டாம்மா. அளக்கறவரே இங்க இருக்கார். உங்க வீட்டுக்காரர்தானே, அவரையே கேளுங்களேன்."

மறுபடி சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. வீட்டில் கேட்ட அதே குரலில், ஆனால் எல்லோர் முன்னாலும் பேசும் மரியாதையோடு, "சொல்லுங்க. பம்ப் இழுக்கற டீசல் எத்தனை நாளைக்கு இருக்கு?" என்றாள்.

அவன் எழுந்தான். பதிவேட்டைத் திறக்கவில்லை. தொட்டியின் உச்சியில் நிற்பதுபோலக் காதில் காற்றடித்தது. "ஒன்பது நாள்" என்றான். குரல் எழும்பாததால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது.

யாரும் கத்தவில்லை.  ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்தார். அடுத்து ஐந்தாறு பேர். கதவருகே இலேசாக ஒரு நெரிசல். மச்சான் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் தூண் பக்கம் திரும்பி, நாலு வண்டியையும் உடனே பெட்ரோல் பங்குக்கு எடுத்துப்போ, ட்ரம் இருந்தால் அதையும் ஏற்று என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே முதல் வண்டி உயிர்பெறும் சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் அடுத்தது, அடுத்தது. விரிவுரையாளரின் மலை இன்னும் திரையில் இருந்தது. அவர் அதை அணைக்க மறந்து, சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி வாசலை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் ஊரின் மூன்று பங்குகளில் இரண்டு மூடிவிட்டன. கிடங்கில் மேலாளர் அவனை அறைக்குக் கூப்பிட்டார். சண்டை போடுவார் என்று நினைத்துப் போனான். அவர் களைத்திருந்தார்.

"நான் பொய் சொன்னேன், ஒத்துக்கறேன். கப்பல் வர்ற வரைக்கும் ஊரை அமைதியா வெச்சிருந்தா ஒன்பதைப் பதிமூணா இழுத்திருக்கலாம். இப்போ மூணு நாள்கூடத் தாங்காது. உண்மையைச் சொன்னீங்க, சரி. ஆனா நீங்க சொன்ன நிமிஷத்துலயே அது பொய்யாயிடுச்சே."

 மறு உத்தரவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். நாடாவை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தான். வழியில் தெரிந்த முகங்கள் சில தலையசைத்தன, சில அவனைப் பார்த்ததும் கடைப்பலகையை வாசிக்க ஆரம்பித்தன. வீட்டில் மனைவி, வேனில் கால் டேங்க்குக்கும் கீழேதான் இருக்கிறது, போகலாம், திரும்ப முடியாது என்றாள். தப்புச் செய்துவிட்டோமா என்று அவன் கேட்டான்.

"தெரியல. நான் கேட்டேன், நீங்க சொன்னீங்க. நாளைக்கு மதியம் ஒரு மணிக்கு மெஷின். அதை மட்டும் யோசிங்க."

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் வேன் வரிசையில் இருந்தது. மனைவி ஓட்ட, பக்கத்து சீட்டில் அவன்; பின்னால் நோயாளிகள் மூன்று பேர். ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு டீச்சரம்மா, இன்னும் முப்பது தாண்டாத ஒரு தையல்காரர். பங்கு கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் தொழிற்சாலை மதில், மறுபக்கம் திறந்த சாக்கடை, நடுவில் அசையாத வண்டிகள். பத்து மணிக்கு அவர்கள் நாலு வண்டி நீளம் நகர்ந்திருந்தார்கள். டீச்சரம்மாவின் கணுக்கால் செருப்பு வாரை மீறிப் புடைத்திருப்பதை அவன் பார்த்தான். ஒரு மணிக்குப் போகாவிட்டால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும். தபால்காரர், என் காலத்தில் இந்த மதிலை ஒட்டி சைக்கிளில் ஆறு நிமிடத்தில் போய்விடுவேன் என்று தையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பேசும்போது நடுநடுவே மூச்சுக்கு நிறுத்தினார்.

அவன் கதவைத் திறந்து இறங்கினான். முன்னால் நின்ற காரின் கண்ணாடியைத் தட்டி, நோயாளிகள் இருக்கிறார்கள், கொஞ்சம் மதிலோரமாக ஒதுங்கினால் வேன் முன்னால் போய்விடும் என்றான். அந்த மனிதர் பின்னால் திரும்பி வேனைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"நீங்கதானே ஒன்பதுன்னு சொன்னவரு?"

"ஆமாங்க."

"ஸ்டார்ட் பண்ணினா டீசல் போகும். ஒதுங்கணும்னா நீங்களே தள்ளுங்க."

அவர் கியரை விடுவித்து, ஸ்டியரிங்கை மதில் பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டார். அவன் பின்னால் போய்த் தோள் கொடுத்தான். முதலில் அசையவில்லை. பிறகு சக்கரத்தடியில் ஜல்லி நொறுங்க, கார் இரண்டடி நகர்ந்து மதிலை உரசுவதுபோல் நின்றது. மனைவி எஞ்சினைப் போடாமலே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அவன் வேனைத் தள்ளினான். தையல்காரர், தள்ளக்கூடாது என்று அவள் அதட்டியும் கேட்காமல், இறங்கிப் பின்னால் கை வைத்திருந்தார்.

அடுத்தது ஒரு மினி லாரி. அந்த ஓட்டுநர் காது கூசத் திட்டிவிட்டு, திட்டிக்கொண்டே இறங்கி, கூடச் சேர்ந்து தள்ளினார். மூன்றாவதாக நின்ற காரில் இருந்த பெண் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். எவ்வளவு தட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. அதைச் சுற்றி வேன் நுழைய வழியே இல்லை. சாக்கடை ஓரத்தில் ஒரு சாண் மிச்சம் இருக்குமா என்று அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே என்ன நினைத்தாளோ, அவளே கைபிரேக்கை இறக்கும் சத்தம் கேட்டது.

பதினொன்றேகால். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. தொலைவில் பங்கின் கூரை முதன்முதலாகத் தெரிந்தது. நடுவில் இன்னும் முப்பது, முப்பத்தைந்து வண்டி இருக்கும். வரிசையின் முன்பக்கத்திலும் இப்போது எஞ்சின் எதுவும் ஓடவில்லை. டீசலை மிச்சம்பிடிக்க எல்லோரும் கீழே இறங்கி அவரவர் வண்டியைத் தோளால் முட்டி நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அத்தனை இரும்பும் உருளும் சாலையில், மூச்சு வாங்கும் சத்தமும் ரப்பர் மண்ணை அரைக்கும் சத்தமும் தவிர வேறெதுவும் இல்லை. அவன் அடுத்த காரின் பின்னால் போய், வெயிலில் காய்ந்த தகட்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்தான். கண்ணாடியில் ஓட்டுநரின் கண்கள் அவனை ஒரு நிமிடம் பார்த்தன. சக்கரம் இன்னும் அசையவில்லை.